பீடித்தட்டும் எலக்ட்ரீசியன் பையும்



பாவூர்சத்திரத்தில் வயரிங் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். "சார், வீட்டுச் சேவை கம்பெனி ஒண்ணு கூப்பிடுது. டீசர்ட், ஆப், வேலை எல்லாம் அவங்களே தாராங்க. சேரலாமா?" என்றான். சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் சரித்திரம்தானே வரும்!

நம் ஊரில் மடியில் தட்டோடு பீடி சுற்றும் தாய்மார்களை நினைத்துப் பார் என்றேன். இலையும் தூளும் கம்பெனி தரும், லேபிளும் கம்பெனியுடையது. சுற்றிய கை எதுவென்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. 1966-இல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்தது. கேரள அரசு அதை அமல்படுத்த முனைந்ததும் கண்ணூர்ப் பக்கம் பெரிய கம்பெனி கதவைச் சாத்தியது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. 1969-இல் அவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து தினேஷ் பீடி தொடங்கினார்கள். லேபிள் அவர்களுடையதாயிற்று.

இனி இவன் கேட்ட விஷயம். 2014-இல் தொடங்கிய அர்பன் கம்பெனியின் குர்கான் அலுவலகம் முன்பு, 2021 அக்டோபரில் அழகுக்கலைப் பெண்கள் கமிஷனை எதிர்த்துப் போராடினார்கள். உச்ச கமிஷன் 30-லிருந்து 25 சதவீதமானது. டிசம்பரில் மறுபடி போராடியபோது கம்பெனி வழக்குப் போட்டது.

ஆள் பழக்கமில்லாத பெருநகரத்தில் புதுப் பையனுக்கு அது சோறு போடும், மறுக்கவில்லை. "ஆனால் உனக்கு இருபது வருஷப் பழக்கம். ராத்திரி ஃபியூஸ் போனால் உன் நம்பருக்குத்தானே அடிக்கிறார்கள்? அதை விட்டுவிடாதே. பத்துப் பேர் சேர்ந்து ஒரு பெயர், ஒரு ரேட் வையுங்கள்" என்றேன்.

"பத்துப் பேரையும் ஒண்ணா உட்கார வைக்கணுமே, சார்!"

அது கஷ்டந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டுத் திண்ணைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இதைப் படிக்கும் மற்ற எலக்ட்ரீசியன் பிள்ளைகளும் வாருங்கள்.