பட்டிப்பூவும் நீரிழிவு நோயும்

நம்மவர் முற்றங்களில் வளரும் பட்டிப்பூச் செடியின் தாயகம் மடகாஸ்கர் தீவாகும். பிற வெப்ப நாடுகளிலும் பரவிய இதன் இலைக் கஷாயத்தை நீரிழிவுக்கு மருந்தாகப் பருகியோர் பலர். யமேக்கா மக்களும் அவ்வாறே பருகினர்.

1952ஆம் ஆண்டில் அத்தீவிலிருந்து சில இலைகள் கனடாவிலிருந்த வைத்தியர் கிளாக் நோபிளின் கைக்கு எட்டின. அவர் அவற்றை மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துவந்த தம் இளவல் றொபேட்டுக்கு அனுப்பினார். முன்னர் ரொறன்ரோவில் இன்சுலினைத் தூய்மைப்படுத்திய கொலிப் என்பாரும் அப்பல்கலைக்கழகத்திலேயே இருந்தார் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழி ஊட்டினர். குருதியிற் சர்க்கரை குறையவில்லை. குருதிக்குழாயினுட் செலுத்தியபோதோ, எலிகள் சில நாட்களிற் கிருமித் தொற்றினால் மாண்டன. நீரிழிவு மருந்தொன்றையே நாடியவராயின் ஆய்வை அத்துடன் நிறுத்தியிருப்பர். றொபேட் நோபிளோ அவை மாண்ட காரணத்தைத் தேடினார். கிருமிகளை எதிர்க்கும் வெண்கலங்கள் பெரிதும் அருகியிருந்தன. அவற்றை ஆக்கும் என்பு மச்சையும் நலிந்திருந்தது. எனவே வினாவே மாறிற்று: வெண்கலங்கள் கட்டின்றிப் பெருகும் குருதிப் புற்றுநோய்க்கு இச்சாறு உதவுமா?

1954இல் வந்து சேர்ந்த இரசாயன அறிஞர் சாள்ஸ் பியர், பெருந்தொகை இலைகளிலிருந்து சொற்ப அளவே கிடைத்த அப்பொருளைப் பிரித்தெடுத்தார். 1958இல் வெளிப்படுத்தப்பட்ட அது இன்று வின்பிளாஸ்ரின் எனப்படும். அமெரிக்க லில்லி நிறுவனத்தாரும் நீரிழிவு பற்றிய வழக்கைக் கேட்டே இச்செடியை ஆராய்ந்து, தனிவழியே இம்முடிபை அடைந்தனர். அவர்கள் கண்ட வின்கிறிஸ்ரின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிறுவரின் குருதிப் புற்றுநோய்க்கு அது இன்றும் வழங்கப்படுகிறது.