ஃபிரன்ட்பேஜ்: அலுவலக மேசைக்கு வந்த வலைப்பக்கம்

வலைப்பக்கத்தைப் படிக்கும் கருவியும் எழுதும் கருவியும் தொடக்கத்தில் ஒன்றாகவே இருந்தன. 1990ஆம் ஆண்டின் இறுதியில், செர்ன் ஆய்வு மையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய முதல் உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கலாம். அங்கேயே அதைத் திருத்தலாம், புதிய இணைப்புகளையும் சேர்க்கலாம். ஆனால் அது நெக்ஸ்ட் வகைக் கணினிகளில் மட்டுமே இயங்கியது. 1993இல் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்து வலையைப் பரவலாக்கிய மொசைக் உலாவி, படிப்பதற்கு மட்டுமே பயன்பட்டது. எழுத விரும்பியவர்கள் வெறும் உரைத் தொகுப்பானைத் திறந்து, ஹெச்.டி.எம்.எல் குறிச்சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. இதனால் பக்கம் அமைப்பது கணினி அறிந்தவர்களின் வேலையாகிவிட்டது.

அந்த வேலையைச் சாதாரண அலுவலக ஊழியரின் கைக்குக் கொண்டுவரும் நோக்கத்துடன், 1994இல் சார்லஸ் ஃபெர்குசனும் ராண்டி ஃபோர்கார்டும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெர்மீர் டெக்னாலஜீஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். நெதர்லாந்து ஓவியர் வெர்மீரின் பெயரையே நிறுவனத்துக்குச் சூட்டினர். 1995 அக்டோபரில் அவர்களுடைய ஃபிரன்ட்பேஜ் மென்பொருள் வெளிவந்தது. அப்போது இணையத்தின் பக்கம் முழுமூச்சாகத் திரும்பியிருந்த மைக்ரோசாஃப்ட், 1996 ஜனவரியில் சுமார் 13 கோடி டாலர் மதிப்பில் அந்நிறுவனத்தை வாங்கியது. ஃபெர்குசன் பின்னாளில் ஆவணப்பட இயக்குநராகி, நிதி நெருக்கடி பற்றிய ‘இன்சைட் ஜாப்’ படத்துக்காக ஆஸ்கர் விருது பெற்றார்.

ஃபிரன்ட்பேஜைத் திறந்தால், வேர்ட் மென்பொருளில் பழகிய கைகளுக்கு எதுவும் அந்நியமாகத் தெரியாது. எழுத்தைத் தடிமனாக்கும் பொத்தான், அட்டவணை செருகும் பட்டியல் என எல்லாம் பழகிய இடத்திலேயே இருந்தன. திரையில் தெரிவது போலவே பக்கம் அமையும். குறிச்சொற்களை மென்பொருளே பின்னணியில் எழுதிவிடும். தனித்தனிப் பக்கங்களை மட்டுமின்றி, முழு இணையதளத்தையும் ஒரே தொகுதியாக நிர்வகிக்க முடிந்ததுதான் அதன் தனிச்சிறப்பு. ஒரு கோப்பின் பெயரை மாற்றினால், அதைச் சுட்டும் இணைப்புகள் எல்லாப் பக்கங்களிலும் தாமாகவே திருத்தப்பட்டன.

வருகையாளர் எண்ணிக்கை, தேடல் பெட்டி, கருத்துப் படிவம் போன்றவை இயங்க வேண்டுமானால் சர்வரில் நிரல் எழுத வேண்டும். அந்தச் சுமையையும் ஃபிரன்ட்பேஜ் நீக்கியது. அதற்கான துணை நிரல்களைச் சர்வரில் நிறுவிவிட்டால், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துப் பக்கத்தில் வைப்பதே போதும். இந்தத் துணை நிரல்கள் சர்வரில் உருவாக்கிய கோப்புறைகளின் பெயர்களில் ‘வி.டி.ஐ’ என்ற மூன்று எழுத்துகள் இருந்தன. வெர்மீர் டெக்னாலஜீஸ் நிறுவனப் பெயரின் சுருக்கம் அது. மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயின்ட் தளங்களின் முகவரிகளிலும் அந்த எழுத்துகள் தொடர்ந்து இடம்பெற்றன. இதே துணை நிரல்கள் சர்வர் நிர்வாகிகளுக்குத் தலைவலியாகவும் இருந்தன. அனுமதிகளைச் சரியாக அமைக்காத தளங்களில் வெளியாட்கள் நுழைந்து பக்கங்களை மாற்ற வழி ஏற்பட்டது.

ஆபீஸ் 2000 தொகுப்பின் பிரீமியம் பதிப்பில் ஃபிரன்ட்பேஜும் இடம்பெற்றது. அதே தொகுப்பில் வேர்ட், எக்செல் கோப்புகளையும் வலைப்பக்கமாகச் சேமிக்கும் வசதி விரிவுபடுத்தப்பட்டது. அப்படிச் சேமித்த கோப்பை மீண்டும் வேர்டில் திறந்தாலும் எந்த அமைப்பும் கலையக் கூடாது என்பது நோக்கம். அதற்காக ஓர அளவு, பாணி, ஆவண விவரம் என வேர்டுக்குத் தேவையான அத்தனையும் பக்கத்துக்குள் திணிக்கப்பட்டன. இரண்டு வரிக் கடிதத்தைச் சேமித்தாலும், உள்ளே பார்த்தால் கடிதத்தைவிடப் பல மடங்கு நீளமான குறியீடு இருந்தது. இந்தக் கூடுதல் குறியீட்டை அகற்ற மைக்ரோசாஃப்டே தனியாக ஒரு வடிகட்டி நிரலை வெளியிட்டது.

தமிழ்ப் பக்கங்களில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 1990களின் இறுதியில் தமிழ் எழுத்துருக்கள், ரோமன் எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து உருவாக்கப்பட்டிருந்தன. பக்கம் அமைக்கும் மென்பொருள் எழுத்துருவின் பெயரை மட்டும் குறித்து வைக்கும். படிப்பவரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால், தமிழுக்குப் பதிலாகப் புரியாத ரோமன் எழுத்துகளே தோன்றும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு, டாம், டாப் குறியேற்றங்களையும் பொது விசைப்பலகையையும் பரிந்துரைத்தது. விண்டோஸ் 2000 முதல் தமிழுக்கு யுனிகோட் ஆதரவு கிடைத்த பிறகே, எழுத்துருவைச் சாராத தமிழ்ப் பக்கங்களுக்கு வழி பிறந்தது.

தொழில்முறை வடிவமைப்பாளர்கள் வேறு பாதையில் சென்றனர். 1997 டிசம்பரில் மேக்ரோமீடியா வெளியிட்ட டிரீம்வீவர், கையால் எழுதிய குறியீட்டைத் தன் விருப்பத்துக்கு மாற்றி எழுதாது என்று உறுதியளித்தது. குறியீட்டைப் பார்த்துத் திருத்தவும், திரையில் பக்கத்தை அமைக்கவும் ஒரே மென்பொருளில் முடிந்தது. வேர்டிலிருந்து வந்த குறியீட்டைத் துப்புரவு செய்ய அதில் தனிக் கட்டளையே இருந்தது. 2005இல் அடோபி நிறுவனம் மேக்ரோமீடியாவை வாங்கியபோது டிரீம்வீவரும் கைமாறியது.

இரண்டு வகை மென்பொருள்களுக்கும் அடிப்படைச் சவால் ஒன்றே. காகிதத்தின் அளவு நிலையானது. வலைப்பக்கமோ திரைக்குத் திரை, உலாவிக்கு உலாவி மாறக்கூடியது. படங்களையும் பத்திகளையும் காகிதத்தில் இருப்பது போல நிறுத்திவைக்க, அட்டவணைக்குள் அட்டவணையாகப் பக்கங்கள் கட்டப்பட்டன. உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் பிரிக்கும் சி.எஸ்.எஸ் தரம் 1996 டிசம்பரிலேயே வெளிவந்திருந்தாலும், உலாவிகள் அதை ஒழுங்காக ஏற்கச் சில ஆண்டுகள் ஆயின. 2003இல் டேவ் ஷே தொடங்கிய ‘சி.எஸ்.எஸ் ஜென் கார்டன்’ தளம், ஒரே ஹெச்.டி.எம்.எல் கோப்புக்கு முற்றிலும் வேறுபட்ட பல தோற்றங்களைத் தர முடியும் என்று காட்டியது. அதே ஆண்டு வெளிவந்த வேர்ட்பிரஸ், இந்தப் பிரிவினையை எளியவருக்கும் பயன்படும்படி செய்தது: எழுதுபவர் உலாவியிலேயே எழுதினார், தோற்றத்தை வார்ப்புரு பார்த்துக்கொண்டது.

ஃபிரன்ட்பேஜின் கடைசிப் பதிப்பு 2003ஆம் ஆண்டுடையது. 2006இல் மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டு, வடிவமைப்பாளர்களுக்கு எக்ஸ்பிரஷன் வெப், அலுவலகங்களுக்கு ஷேர்பாயின்ட் டிசைனர் என இரண்டாகப் பிரித்தது. எக்ஸ்பிரஷன் வெப் 2012 டிசம்பரில் இலவசமாக்கப்பட்டு, அத்துடன் அதன் வளர்ச்சியும் நிறுத்தப்பட்டது. இதற்கிடையே, 2006 மார்ச்சில் கூகுள் வாங்கிய, உலாவியிலேயே ஆவணம் எழுத உதவும் ரைட்லி என்ற மென்பொருள் கூகுள் டாக்ஸின் அடித்தளமானது. 2010இல் வேர்டும் எக்செலும் உலாவிக்குள் வந்தன. ஆவணத்தை வலைப்பக்கமாக மாற்றித் தரும் கருவிக்கு அதன்பின் தேவை குறைந்தது. ஆவணமே வலையில் பிறந்து, பலர் சேர்ந்து திருத்தும் பக்கமாக மாறியிருந்தது.