திண்ணைக்குக் கதவு உண்டா?

கோட்டை கட்டியவனுக்குக் கல்வெட்டு உண்டு. கோபுரம் எழுப்பியவனுக்கு மெய்க்கீர்த்தி உண்டு. வழிப்போக்கன் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகட்டும் என்று திண்ணை போட்டு வைத்தவனை மட்டும் யாரும் நினைப்பதில்லை. அந்தக் குறையில் ஒரு துளியாவது தீரட்டுமென்று, உலகத்துக்கே பொதுவாக ஒரு திண்ணை போட்ட மனிதரின் கதையை இங்கே சொல்கிறேன்.

இன்று குடும்பத்துக்கு ஒரு குழு, தெருவுக்கு ஒரு குழு, பள்ளித் தோழர்களுக்கு ஒரு குழு என்று எல்லோர் கையிலும் பேச்சு மண்டபங்கள் வந்துவிட்டன. பொழுது விடிவதற்குள் ரோஜாப்பூ அனுப்பிவிடும் அத்தைக்கு, இந்த வித்தை எங்கே பிறந்தது என்ற கவலை கிடையாது. கவலைப்படத்தான் நம்மைப் போன்றவர்கள் இருக்கிறோமே!

1973-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக் கழகத்தில், பாடம் கற்பிப்பதற்காக அமைத்திருந்த 'பிளேட்டோ' என்னும் கம்ப்யூட்டரில், டக் பிரவுன் என்பவர் 'டாக்கொமாடிக்' என்ற ஏற்பாட்டைச் செய்தார். ஓர் அறையில் ஐந்து பேர் வரை சேர்ந்து பேசலாம். ஒருவர் அடிக்கும் எழுத்து, அடிக்க அடிக்கவே மற்றவர்கள் திரையில் தோன்றும். தவறாக அடித்து அழிப்பதுகூடத் தெரியும். ஆனால் இது ஒரே யந்திரத்துக்குள் நடந்த பேச்சு. ஒரே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசுவது மாதிரி. ஊர் விட்டு ஊர் பேச இது போதாது.

அதற்கு வழி செய்தது 1983-இல் கலிபோர்னியாவின் பர்க்லி பல்கலைக் கழகத்திலிருந்து வெளிவந்த யூனிக்ஸ் பதிப்பு. அதில் 'சாக்கெட்' என்ற புதிய வசதி இருந்தது. சுவரில் விளக்குக்கு வயர் செருகும் துளை இருக்கிறதல்லவா? மின்சாரம் எந்த அணையிலிருந்து வருகிறது என்று நாம் விசாரிப்பதில்லை; செருகினால் விளக்கு எரிகிறது. அதேபோல, இடையிலுள்ள கம்பிகளைப் பற்றிக் கவலைப்படாமல், ஒரு யந்திரத்திலுள்ள நிரலை இன்னொரு யந்திரத்திலுள்ள நிரலோடு இணைத்துப் பேச வைப்பதே சாக்கெட்டின் வேலை.

இருவர் பேசுவது சுலபம். பத்துப் பேர் கூடினால்தான் சங்கடம். பந்தியில் பரிமாறுகிறவன் ஓர் இலைக்கு முன்னால் நின்று, "உமக்கு என்ன வேண்டும்?" என்று அவர் வாய் திறக்கும்வரை காத்திருந்தால் மற்ற இலைக்காரர்கள் கதி என்ன? பர்க்லிக்காரர்கள் இதற்கும் 'செலக்ட்' என்ற உபாயம் செய்து வைத்திருந்தார்கள். எல்லா இணைப்புகளையும் ஒருசேரக் கவனித்து, எதில் சத்தம் வந்ததோ அதை மட்டும் அது சுட்டிக் காட்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. கம்பியில் வரும் எழுத்துக்கள் ஆற்று வெள்ளம் போல விடாமல் வரும். ஒருவர் பேச்சு எங்கே முடிந்தது என்பது வெள்ளத்துக்குத் தெரியாது. ஆகவே, வரி முடியும் குறி வந்தால் ஒரு பேச்சு முடிந்ததென்று வைத்துக்கொள்ள வேண்டும். குழுப் பேச்சின் சூட்சுமத்தில் பெரும்பகுதி இவ்வளவுதான்.

1988-இல் பின்லாந்தின் ஔலு பல்கலைக் கழகத்தில் யார்க்கோ ஓய்க்காரினென் என்ற இளைஞர் கோடைக்கால வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கம்ப்யூட்டரைப் பராமரிப்பது அவர் பொறுப்பு. அது அவர் பொழுது முழுவதையும் எடுத்துக்கொள்ளவில்லை. சும்மா இருக்க முடியாமல், பலர் கூடிப் பேசும் நிரல் ஒன்றை எழுதினார். அது ஆகஸ்டு மாதக் கடைசி. அதுதான் ஐ.ஆர்.சி. பேசுவோர் பத்துப் பேரைத் தாண்டியபோது, தாம்பரே, ஹெல்சிங்கி நகரங்களிலிருந்த நண்பர்களையும் ஆளுக்கொரு சர்வர் நடத்தச் சொல்லிச் சுமையைப் பகிர்ந்துகொண்டார். பிறகு அந்தக் கிளை அட்லாண்டிக் கடலையும் தாண்டியது.

1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் கோர்பச்சேவ் அரசைக் கவிழ்க்க ஒரு கூட்டம் முயன்றது. பத்திரிகைகளுக்குத் தடை, ரேடியோவும் டெலிவிஷனும் சதிகாரர்கள் பிடியில். அந்த நாட்களில் ஐ.ஆர்.சி. வழியாகச் செய்திகள் வெளியுலகுக்கு வந்துகொண்டிருந்தன. அதே ஆண்டின் தொடக்கத்தில் வளைகுடா யுத்தத்தின் போதும் இந்தத் திண்ணை பயன்பட்டிருந்தது. வேலையற்ற ஒரு கோடையில் பிறந்த விளையாட்டுப் பொருள், மூன்று வருஷத்துக்குள் சரித்திரத்துக்குச் சாட்சி சொல்லப் போய்விட்டது!

ஆனால் திண்ணை என்றால் சண்டையும் உண்டு. 1990-இலேயே ஒரு பெரிய வழக்கு வந்தது. பர்க்லியிலிருந்த 'எரிஸ்' என்ற சர்வர், யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரை அதனுடன் இணைத்துக்கொள்ள இடம் கொடுத்தது; அடையாளச் சொல்கூடக் கேட்பதில்லை. இதைப் பயன்படுத்திக் குறும்பர்கள் புகுந்தார்கள். மற்றவர்கள் எரிஸை ஒதுக்கிவிட்டுத் தனி வலை கண்டார்கள். ஜனங்கள் அந்தப் பக்கமே போனதால் எரிஸின் வலை சீக்கிரமே மறைந்தது. 1996-இல் மறுபடியும் பாகப்பிரிவினை. இணைப்பு அறுந்து கூடும்போது ஒரே புனைபெயருக்கு இருவர் உரிமை கொண்டாடினால் என்ன செய்வது என்பதில் தகராறு முற்றி, ஐரோப்பியரில் பெரும்பாலோர் தனி வலையாகப் பிரிந்தார்கள்.

இந்தச் சண்டைகளைப் படித்துச் சிரிக்கத் தோன்றுகிறது. ஆயினும் அடியில் இருந்த கேள்வி சிரிப்புக்குரியதல்ல. கதவை அகலத் திறந்தால் கலகக்காரன் வருகிறான். அடைத்தால் திண்ணை சாவடியாகிக் காவற்காரன் வந்துவிடுகிறான். எந்த அளவு திறப்பது? யார் தீர்மானிப்பது? அன்று அந்தத் தீர்மானம் பேசுகிறவர்கள் கையிலேயே இருந்தது. பிடிக்கவில்லையென்றால் வேறு திண்ணை போட்டுக்கொள்ளலாம்; கட்டும் முறையையே ஓய்க்காரினெனும் டேரன் ரீடும் 1993 மே மாதத்தில் எல்லோருக்கும் பொதுவாக எழுதி வெளியிட்டுவிட்டார்கள். புனைபெயருக்கு 9 எழுத்து, ஒரு பேச்சுக்கு 512 எழுத்து என்பது வரை அதில் இருக்கிறது.

இன்று நம் குடும்பக் குழுக்கள் அழகாயிருக்கின்றன. படம் வருகிறது, பாட்டு வருகிறது. ஆனால் சாவி வேறெங்கோ ஒரு கம்பெனியின் இடுப்பில் தொங்குகிறது. வாடகை கேட்காத வீட்டுக்காரரிடம் சற்று ஜாக்கிரதையாக இருப்பது நம் பெரியோர் வழக்கம். ஐ.ஆர்.சி. என்ற பழைய திண்ணை இன்றும் இடிந்துவிடவில்லை. அதில் கூட்டம் குறைவு. ஆனால் அதற்குச் சொந்தக்காரன் என்று ஒருவன் கிடையாது.