உயரம் தாண்டுதல் வளர்ந்த கதை

நம் பாப்பிரெட்டிப்பட்டிக்கு அண்டையிலுள்ள சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றதை அறிவோம். கால் உந்தித் தரும் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. அதைப் பயன்படுத்தும் முறையே காலந்தோறும் மாறி வந்துள்ளது.

தொடக்கத்தில் வீரர்கள் கால்களைக் கத்தரிபோல் மாற்றி வீசி, நிமிர்ந்தபடியே தாண்டினர். இதில் உடலின் ஈர்ப்பு மையம் குறுக்குக் கம்பிக்கு வெகு மேலே உயர வேண்டும். பின்னர் வயிறு கம்பியை நோக்க, படுத்தவாறு உருண்டு தாண்டினர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்கரான டிக் ஃபாஸ்பரி, முதுகு கம்பியை நோக்க வில்லாக வளைந்து, 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றார். இவ்வாறு வளைந்தால், உடல் கம்பியைக் கடக்கும்போது ஈர்ப்பு மையம் கம்பிக்குக் கீழேகூடச் செல்லலாம்!

ஆனால் இதில் முதுகுதான் முதலில் கீழே விழும். மணலுக்குப் பதில் நுரை மெத்தை வந்ததே இம்முறைக்கு வழிவகுத்தது. ஆகவே மாணவர்களே, மணல் குழி மட்டுமே உள்ள பள்ளியில் கத்தரி முறையே போதும். கழுத்தைப் பணயம் வைக்காதீர்கள்.