ஒற்றை வரியில் ஒரு மரம்

பணி ஓய்வுக்குப் பிறகு, 2007-ல், எங்கள் குடும்ப வம்சாவளியைக் கணினியில் ஏற்ற ஆரம்பித்தேன். ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் கோபால் மொழியில் நிரல் எழுதிக் காலம் தள்ளியவன் நான். புது விஷயம் ஒன்றைக் கற்றுக்கொள்ள ஆசை. சென்னையில் வேலை பார்த்த அண்ணன் மகன், "சித்தப்பா, ரூபி ஆன் ரெயில்ஸ்ல பண்ணுங்க. மரத்துக்கு ஒரே வரிதான்" என்றான்.

நம்பவில்லை. காரணம் உண்டு.

கணினியில் தகவலை மரமாக அடுக்குவது பழைய கதை. சந்திரனுக்குப் போன சாட்டர்ன் ராக்கெட்டின் லட்சக்கணக்கான பாகங்களைக் கணக்கு வைக்க, 1966 முதல் ஐபிஎம் நிறுவனம் ராக்வெல், கேட்டர்பில்லர் நிறுவனங்களோடு சேர்ந்து ஒரு மென்பொருளை உருவாக்கியது. பிற்பாடு அதற்கு ஐஎம்எஸ் என்று பெயர். ராக்கெட்டுக்குள் எஞ்சின், எஞ்சினுக்குள் பம்பு, பம்புக்குள் போல்ட்டு. தகவல் முழுவதும் மரம்தான்.

அதே ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட், 1970-ல் எழுதிய கட்டுரையில் இந்த முறையை மறுத்தார். பாகங்கள், திட்டங்கள் என்ற இரண்டே விஷயங்களை எடுத்துக்கொண்டு, அவற்றை ஐந்து விதமாக அடுக்கலாம், ஒரு அடுக்குக்கு எழுதிய நிரல் இன்னொன்றுக்கு உதவாது என்று காட்டினார். எல்லாவற்றையும் வெறும் அட்டவணைகளாக வையுங்கள் என்றார். உலகம் அவர் வழியில் போனது. ஆனால் மரங்கள் ஒழியவில்லையே! அலுவலகப் பதவி வரிசை, கடைச் சரக்கின் பிரிவுகள், வம்சாவளி எல்லாம் மரம்தான். அட்டவணைக்குள் மரத்தை எப்படி அடைப்பது என்று அவரவர் தனித்தனியாக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நானும் உடைத்துக்கொண்டவன்தான்.

2004-ல் டேவிட் ஹைனமைர் ஹான்சன் என்ற டென்மார்க் இளைஞர் வெளியிட்டது ரெயில்ஸ். வலைத்தளம் எழுதுகிற ஒவ்வொருவரும் திரும்பத் திரும்ப எழுதவேண்டியதை முன்கூட்டியே எழுதித் தருகிற ஃப்ரேம்வொர்க். அதில் ஒரு வரி: 'ஆக்ட்ஸ் ஆஸ் ட்ரீ'. மரமாக நடந்துகொள் என்று பொருள். அட்டவணையில் 'பெற்றோர் எண்' என்று ஒரு பத்தி இருந்தால் போதும். இந்த வரியைச் சேர்த்ததும் பிள்ளைகள் யார், உடன்பிறந்தோர் யார், மூலவர் யார் என்று எது கேட்டாலும் சொல்லும். நான் வாரக்கணக்கில் எழுதியது இங்கே ஒரு வரி. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அதற்குள் ஒரு சங்கடம் உண்டு. ஒருவரின் சந்ததி முழுவதையும் கேட்டால், பிள்ளைகளைக் கேட்டு, அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளைக் கேட்டு என்று தகவல்தளத்தை நச்சரித்துக்கொண்டே இருக்கும். அதைத் தவிர்க்க ஜோ செல்கோ என்பவர் பிரபலப்படுத்திய முறை ஒன்று, அதுவும் ரெயில்ஸில் இருந்தது. ஒவ்வொருவருக்கும் இடது எண், வலது எண் என்று இரண்டு. 200 பேர் கொண்ட மரத்தில் மூலவருக்கு 1, 400. மற்றவர் எண்களெல்லாம் அதற்குள் அடக்கம். 400-லிருந்து 1-ஐக் கழித்து, இன்னும் ஒன்றைக் குறைத்து, பாதியாக்கினால் 199 சந்ததி. ஒரே கேள்வியில் முடிந்தது. ஆனால் நடுவில் ஒரு குழந்தை பிறந்தால் பாதி ஊருக்கு எண் மாற்றவேண்டும்!

மூன்றாவது முறை நமக்குப் பழக்கமானது. பட்டாவில் 45/2 என்ற நிலம் பிரிந்தால் 45/2ஏ, மறுபடி பிரிந்தால் 45/2ஏ1. எண்ணைப் பார்த்தாலே வழி தெரியும். பிற்காலத்து மரக் கருவிகள் சில இப்படித்தான் செய்கின்றன.

2007 டிசம்பரில் வந்த ரெயில்ஸ் 2.0, இந்த மர வரிகளை மையத்திலிருந்து எடுத்துத் தனிச் செருகிகளாக வெளியே வைத்தது. எல்லோருக்கும் தேவைப்படாததை எல்லோர் தலையிலும் ஏன் சுமத்தவேண்டும் என்பது நியாயம்தான். என் வேலை அதற்கு முன்பே வேறு இடத்தில் நின்றுவிட்டது.

அந்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அச்செடுத்த தாளை அத்தையிடம் நீட்டினேன். அப்பாவின் தங்கை, எண்பது வயது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"உங்கம்மாவுக்குப் பிள்ளையே இல்லாத மாதிரியில்லப்பா போட்டிருக்கே?"

வாங்கிப் பார்த்தேன். அம்மா, அப்பாவுக்குச் சொந்த அத்தை மகள். எனவே அம்மாவின் பெயர் பாட்டி வழியில் ஒரு கிளையில் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பெற்றோர் எண் ஒன்றுதானே? அதில் நான் அப்பாவை எழுதிவிட்டேன். நாங்கள் நாலு பேரும் அப்பாவுக்குக் கீழே மட்டும் தொங்கினோம். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. கை தானாக எழுதியது. எங்களுக்காகக் கடைசிவரை அடுப்படியில் நின்றவர், தாளில் மலடி.

இதில் வெட்கம் என்னவென்றால், தொழிற்சாலையில் இதே சிக்கலை நான் தினமும் பார்த்தவன். ஒரே போல்ட்டு பத்து இயந்திரத்தில் வரும். அதற்குப் பெற்றோர் பத்து. ஐஎம்எஸ்கூட இதற்காகப் பிற்பாடு 'தர்க்கரீதியான பெற்றோர்' என்று இரண்டாவது பெற்றோரை அனுமதித்தது. போல்ட்டுக்குத் தெரிந்த நியாயம் அம்மாவுக்குத் தோன்றவில்லை.

ஊரிலிருந்து திரும்பியதும் அந்த ஒற்றை வரியை அழித்தேன். தகப்பன் எண், தாய் எண் என்று இரண்டு பத்திகள். பிள்ளைகள் யார் என்று கேட்கும் நிரலை நானே எழுதினேன். மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டிக்கொடுத்த குடும்பம். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் பின்னிக்கொண்டன. ஒரு தாளில் அடங்காமல் எட்டுத் தாள்களை ஒட்டவேண்டியிருந்தது.

பொங்கலுக்குக் கொண்டுபோய் விரித்தேன். அத்தை அம்மா பெயரில் விரலை வைத்து, கீழே எங்கள் நாலு பேர் வரை இழுத்துப் பார்த்துவிட்டு, "இப்ப சரி. அந்த ஓரத்தைப் பிடி, சுவத்துல ஒட்டலாம்" என்றார்.