காளிக்கு ஏன் ஃபிரண்ட்ஸ் இல்லை? குட்டீஸுக்கு நட்பைச் சொல்லும் படப் புத்தகங்கள்

நாலு வயசுக் குழந்தைக்கு ஃபிரண்டு என்றால் பெரும்பாலும் பக்கத்து வீட்டு வாண்டுதான். அணுபுரம் மாதிரி குவார்ட்டர்ஸில் அந்த வாண்டு வீட்டில் மலையாளம் பேசும், தெலுங்கு பேசும், இந்தி பேசும். மணலில் உட்கார்ந்துவிட்டால் பாஷை ஒரு பிரச்னையே இல்லை. ஆனால், இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் ஓர் இருளர் வீட்டுப் பிள்ளையை உங்கள் குழந்தை எங்கே பார்க்கப் போகிறது? முதலில் ஒரு புத்தகத்திலாவது பார்க்கட்டுமே!

சென்னை தூலிகா பதிப்பகத்தின் 'காளி அண்ட் தி ராட் ஸ்நேக்' அதற்குத் தோதான புத்தகம். எழுதியவர் ஸாய் விட்டேகர், படங்கள் ஸ்ரீவித்யா நடராஜன். பாம்பு பிடிப்பவரின் மகன் காளி, நன்றாகப் படிப்பவன். இருந்தும் வகுப்பில் அவனோடு சேர ஆளில்லை. அப்பாவின் தொழிலும் அவன் சாப்பிடும் தீனியும் மற்ற பிள்ளைகளுக்கு விநோதம். ஒருநாள் வகுப்புக்குள் சாரைப்பாம்பு வந்துவிட, எல்லோரும் அலற, காளி அதைப் பிடிக்கிறான். அதற்குப் பிறகுதான் அவனைச் சுற்றிக் கூட்டம்.

இது ஏதோ தூரத்துக் கதை இல்லை. மாமல்லபுரத்துக்கு வடக்கே, ஈ.சி.ஆரில் இருக்கும் வடநெம்மேலி முதலைப் பண்ணையைத் தொடங்கியவர்களில் ஸாயும் ஒருவர். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வியாபாரம் நின்று, இருளர்களின் பிழைப்பும் போனது. 1978-ல் அவர்களுக்காகக் கூட்டுறவு சங்கம் உருவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நாலிலிருந்தும் அவர்கள் எடுத்துத் தரும் விஷத்தில்தான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. சாரைக்கு விஷம் கிடையாது, எலிதான் அதன் சாப்பாடு. இதைச் சொல்லும்போதே, 'பாம்பைப் பார்த்தா தள்ளி நின்னு பெரியவங்களைக் கூப்பிடணும்' என்பதையும் சொல்லிவிடுங்கள். காளியைப் பார்த்துக் கையை நீட்டிவிடப் போகிறார்கள்.

படித்து முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: 'பாம்பு வரலைன்னா காளிக்கு ஃபிரண்ட்ஸ் கிடைச்சிருப்பாங்களா?' எனக்கு இந்தக் கதையில் இருக்கும் ஒரே உறுத்தல் அதுதான். ஏதாவது சாகசம் செய்தால்தான் சேர்த்துக்கொள்வார்களா? உலகமெங்கும் விற்கும் மார்க்கஸ் ஃபிஸ்டரின் 'ரெயின்போ ஃபிஷ்' (1992) புத்தகத்திலும் இதே சிக்கல். தன் பளபள செதில்களை ஒவ்வொன்றாகக் கொடுத்த பிறகுதான் அந்த மீனுக்கு நண்பர்கள் கிடைக்கிறார்கள். அழகான படங்கள்தான், ஆனால் பென்சில் பாக்ஸைக் கொடுத்து ஃபிரண்டு பிடிக்கும் பிள்ளைக்கு அதை நான் முதலில் தர மாட்டேன்.

காளி கதை ஆறு வயசுக்கு மேல் சரியாக வரும். மூணு வயசுக்கு லியோ லியோன்னியின் 'லிட்டில் ப்ளூ அண்ட் லிட்டில் யெல்லோ' (1959) போதும். நீலப்புள்ளியும் மஞ்சள்புள்ளியும் கட்டிப்பிடித்துப் பச்சையாகிவிட, பெற்றோருக்கே அடையாளம் தெரியவில்லை! தமிழ்தான் வேண்டும் என்றால் தூலிகாவின் தமிழ்ப் பதிப்புகளைப் பாருங்கள். செலவே வேண்டாம் என்றால் பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். ஆனால், போனை அவர்கள் கையில் கொடுக்காமல் நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

காளியைப் படித்த வாரமே வடநெம்மேலிக்கு ஒரு நடை போய் வரலாம். முதலைப் பண்ணை வளாகத்துக்குள்ளேயே இருளர் சங்கத்தின் பாம்புப் பண்ணையும் இருக்கிறது. 'இவங்க காளியோட அப்பாவா?' என்று கேட்பார்கள். அங்கிருக்கும் அண்ணன்களிடமே கேட்கச் சொல்லுங்கள்.