நம் இரத்தத்திலேயே ஒரு படை

வெற்றிலையோடு புகையிலையையும் சேர்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வோரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இப்பழக்கத்துக்கும் வாய்ப்புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துரைத்த தொடக்ககால ஆய்வுகளுள் ஒன்று, கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் நடந்தது என்பதை அறிவீர்களா?

நெய்யூர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்குள்ள லண்டன் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய இயன் ஆர் என்னும் மருத்துவர், வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றுநோய் பற்றி 1933-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். எவரெஸ்ட் பயணங்களில் (1922, 1924) பங்கேற்ற டாக்டர் சாமர்வெல் அங்கே அறுவை மருத்துவராக இருந்தார். அந்நாளில் புற்றுநோய்க்கு எதிராக மருத்துவர்களிடம் இருந்த ஆயுதங்கள் இரண்டே: கத்தியும் கதிர்வீச்சும். இரண்டும் உடலுக்கு வெளியிலிருந்து வருபவை.

உடலின் சொந்தப் படையையே ஏவினால் என்ன? 1891-இலேயே நியூயார்க்கில் வில்லியம் கோலி, நோயாளிகளின் உடலில் பாக்டீரியாவைச் செலுத்தி எதிர்ப்பாற்றலைத் தூண்ட முயன்றார். பலன் நிலையாக இல்லை. படைவீரர் யார் என்பதே அன்று தெரியாது! மார்பெலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியின் பணியை 1961-இல் ஜாக் மில்லர் கண்டறிந்தார். அங்கே பக்குவமடையும் வெள்ளணுக்களே 'டி செல்கள்'. கிருமி புகுந்த செல்களை இவை அழிக்கும். ஆனால் புற்றுச் செல்லோ நம் உடலிலேயே தோன்றியது. வீட்டுக்குள் இருக்கும் திருடனைக் காவலன் எப்படி அடையாளம் காண்பான்?

காவலனுக்குப் புதுக் கண் பொருத்தும் வழியை 1989-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தில் ஸெலிக் எஷ்ஹாரும் குழுவினரும் காட்டினர். இன்று அது நடக்கும் முறை இது: நோயாளியின் இரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரிக்கிறார்கள். தீங்கு நீக்கப்பட்ட வைரஸ் மூலம் புதிய ஜீனை அவற்றுக்குள் புகுத்துகிறார்கள். பின் அவற்றைப் பெருக்கி, மீண்டும் சிரை வழியே ஏற்றுகிறார்கள். 2012-இல் பிலடெல்பியாவில் இரத்தப் புற்றுநோயால் மரணத்தின் விளிம்பிலிருந்த 6 வயதுச் சிறுமி இம்முறையால் பிழைத்தாள். 2017-இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி அளித்தது.

அயல்நாட்டில் இதற்குக் கோடிக்கணக்கில் செலவாகும். நம்மவர் என்ன செய்வது? பம்பாய் ஐ.ஐ.டி.யில் ராகுல் பூர்வார் குழுவினரும் டாட்டா நினைவு மருத்துவமனையினரும் இணைந்து உள்நாட்டிலேயே இதை உருவாக்கினர். 'நெக்ஸ்கார்19' என்னும் இம்மருந்துக்கு 2023 அக்டோபரில் இந்திய அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4-ஆம் நாள் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதைத் தொடங்கி வைத்தார். அயல்நாட்டு விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் என்றாலும், அதுவும் பல லட்ச ரூபாய். ஏழைக்கு எட்டாத தொகையே.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இம்மருந்து 'பி செல்' என்னும் வெள்ளணுக்களில் தோன்றும் சில இரத்தப் புற்றுநோய்களுக்கே பயன்படுகிறது. அச்செல்களின் மேல் தெளிவான ஓர் அடையாளம் உண்டு. நல்ல பி செல்களும் உடன் அழியும். ஆயினும் தக்க மருத்துவத் துணையோடு மனிதன் வாழ முடியும். வாய்ப்புற்றுநோய் போன்ற கட்டிகளில் இத்தகைய தனி அடையாளம் கிடைப்பது அரிது. கட்டிக்குள் டி செல்கள் நுழைவதும் கடினம். எனவே நெய்யூர் மருத்துவர்கள் கண்ட அந்நோய்க்கு இன்றும் அறுவையும் கதிர்வீச்சும் மருந்துகளுமே முதன்மைச் சிகிச்சை.

ஆகவே, புகையிலையைத் தொடாதீர்கள். வாயில் ஆறாத புண்ணோ வெண்படலமோ கண்டால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். காசில்லாமல் எல்லோருக்கும் கிடைக்கக்கூடிய பாதுகாப்பு இதுவே.